உபயம் வேண்டாத முதலாளி

இன்று களுவாஞ்சிக்குடிச் சந்தையில் ஓர் அதிசயம் பார்த்தேன்.

வெள்ளைக்காரன் பட்டாளத்தில் சேர்ந்து போய், எகிப்து மணலில் புதைக்கப்பட்ட எங்கள் ஊர்க்காரர் நாலு பேருக்கு ஒரு நினைவுக்கல் வைக்கப் பணம் சேர்க்கிறோம். பற்றுச்சீட்டுப் புத்தகத்தோடு புடைவைக்கடை முதலாளியிடம் போனேன்.

கோயில் டியூப்லைட் ஒவ்வொன்றிலும் ‘உபயம்’ என்று தன் பேரை எழுதி, பாதி வெளிச்சத்தை மறைத்து வைத்திருக்கும் அதே முதலாளிதான்.

“போர்வீரர் நினைவுக்கல்...” என்று நான் தொடங்கியதும் மனிசன் எழும்பி, சந்தியில் காவல் நிற்கும் ஆமிக்காரனை எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைப் பாதி சாத்தினார்.

“எந்தப் பக்கத்து வீரர் புள்ள?”

“நம்மட நாட்டுச் சண்டைல ரெண்டு பக்கமும் இல்ல முதலாளி. இது ஹிட்லர்ட சண்டை.”

“அத முதல்ல சொல்லப்படாதா!”

போன மூச்சு திரும்பி வந்தது. மேசைக் காசு லாச்சியைத் திறந்து தாராளமாகவே தந்தார். சீட்டு எழுதப் பேனாவை எடுத்தேன்.

“பேர் வேணாம் புள்ள. நாளைக்கு ஆரும் இந்தச் சீட்டோட வந்து கேட்டா, நான் ஹிட்லர்ட கதையா சொல்லிக்கிட்டு நிக்கிற?”

பக்கத்துப் பலசரக்குக்கடையிலும் மருந்துக்கடையிலும் இதே கதைதான். புத்தகம் முழுக்க ‘ஓர் அன்பர்’.

ஆக, செத்துப்போன நாலு பேருக்குத்தான் கல்லில் பேர் போடத் துணிவிருக்கிறது. அடியில் ‘உபயம்’ என்று வெட்டிவிட்டு அதற்குப் பிறகு என்ன எழுதுவது? யோசனை இருந்தால் கீழே சொல்லுங்கள்.

பேர் போடாமல் சொன்னாலும் பரவாயில்லை. இந்தப் பதிவில் நானும் என் பேரைப் போடவில்லைதானே.