மாப்பிள்ளையின் ஒற்றைக் கப்பல்

எனக்கு அளாப்பல் பிடிக்காது. விளையாட்டில் கள்ளம் செய்வதை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். சின்ன வயதில் கரம்போர்ட் விளையாடும்போது அண்ணை முழங்கையால் காயைத் தள்ளினார் என்று ஸ்ட்ரைக்கரைத் தூக்கி அவருடைய நெற்றிக்கு எறிந்திருக்கிறேன். அண்ணை இப்போது வெளிநாட்டில் பிள்ளை குட்டிகளோடு இருக்கிறார். இன்றைக்கும் அந்தத் தழும்பைக் காட்டித்தான் என்னை மற்றவர்களுக்கு அறிமுகப்படுத்துகிறார். அவர் தள்ளியது உண்மை. அதில் எனக்கு இன்னும் சந்தேகமில்லை.

நான் பருத்தித்துறையில் ஒரு பாடசாலையில் புவியியல் படிப்பிக்கிறேன். வரைபடம் என்றால் எனக்குப் பைத்தியம். அந்தப் பைத்தியம்தான் என்னை அந்தக் கணினி விளையாட்டில் கொண்டுபோய் விட்டது. திரை முழுக்க உலக வரைபடம் விரிந்து கிடக்கும். பழைய காலத்து நாடு ஒன்றைத் தெரிவுசெய்து, படை திரட்டி, வரி போட்டு, பெண் கொடுத்துப் பெண் எடுத்து, சில நூற்றாண்டுகளைத் தாண்டவேண்டும். மற்ற நாடுகளைக் கணினி ஆளும். விரும்பினால் இன்னொரு ஆளும் இணைய வழியாக வந்து ஒரு நாட்டை எடுத்துக்கொள்ளலாம். அம்மா மெதடிஸ்த கிறிஸ்தவக் குடும்பத்தில் வளர்ந்தவர், எங்கள் வீட்டில் சீட்டுக்கட்டு பாவம். ஆனால் இதை எட்டிப் பார்த்துவிட்டு, "உது சரித்திரம்தானே, விளையாடட்டும்" என்று விட்டுவிட்டார்.

அப்பா காலமான பிறகு வீட்டில் நானும் அம்மாவும்தான். முப்பது தாண்டியும் எனக்குக் கலியாணம் ஆகவில்லை என்பது அம்மாவின் கவலை, அம்மாவுக்கு அந்தக் கவலை இருக்கிறதே என்பது என்னுடையது. அப்படியிருக்கும்போதுதான் சபையில் எங்களுக்குத் தெரிந்த அன்ரி ஒருவர் ஒரு சம்பந்தம் கொண்டுவந்தார். பெடியன் அச்சுவேலி. மயிலிட்டித் துறைமுகத்தடியில் ஒரு ஐஸ் தொழிற்சாலையில் இயந்திரங்களுக்குப் பொறுப்பான பொறியியலாளர்.

"குடியில்லை, சிகரெட்டில்லை, ஒரு கெட்ட பழக்கமும் இல்லை. லீவு நாளிலை கொம்பியூட்டரிலை நாடு பிடிக்கிறாராம். அது மட்டும்தான்" என்றார் அன்ரி, குரலைத் தாழ்த்தி.

"எந்த நாடு?" என்று கேட்டேன். மாப்பிள்ளையைப் பற்றி நான் கேட்ட முதல் கேள்வி அதுதான். அம்மா தலையில் கை வைத்துக்கொண்டார்.

பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளை எங்கள் அம்மா பொரித்த ரோல்ஸைக் கையில் எடுத்தவர் கடிக்கவேயில்லை. பெரியவர்கள் எங்களைக் கதைக்க விட்டுவிட்டு, சுவரில் இருந்த படங்களை முதல்முறை பார்ப்பவர்கள் போல் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் நேரே விஷயத்துக்கு வந்தேன்.

"எந்த நாட்டை எடுக்கிறனீங்கள்?"

"யாழ்ப்பாணம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த வரைபடத்தில் எங்கள் இராச்சியம் நகத்துண்டு அளவுதான். ஒரேயொரு மாகாணம். சுற்றிவர இருக்கிறவர்களில் யாராவது ஒருவர் கொஞ்சக் காலத்தில் விழுங்கிவிடுவார். நானும் எத்தனையோ தரம் முயன்று பார்த்து, ஒரு நூற்றாண்டைத் தாண்டினதில்லை.

"எவ்வளவு காலம் நிண்டு பிடிப்பியள்?"

"கடைசி மட்டும்."

நம்பமுடியவில்லை. எப்படி என்று கேட்டேன். ரோல்ஸைத் தட்டில் வைத்துவிட்டு விளக்கினார். பாக்கு நீரிணையில் எதிரிக் கப்பல் நிற்காவிட்டால் இந்தியப் பக்கத்துப் படை நடந்தே இந்தக் கரைக்கு வந்துவிடலாம், அது விளையாட்டின் விதி. கப்பல் நின்றால் வரமுடியாது. அவர் ஒரேயொரு கப்பலை வைத்துக்கொண்டு அந்தப் படைக்குப் போக்குக் காட்டுவாராம். கப்பலை எடுத்தால் படை கடக்க வெளிக்கிடும், பாதியில் கப்பலை விட்டால் திரும்பிப் போகும், எடுத்தால் மறுபடியும் வரும். படையை நடத்துவது கணினி என்றால் இதை வருடக்கணக்காகச் செய்துகொண்டேயிருக்கும். சண்டையே இல்லாமல் நடந்து நடந்து அந்தப் படை கரைந்துபோகும். விளையாட்டைச் செய்தவர்கள் அடைக்காமல் விட்ட ஓட்டை அது.

"உது அளாப்பல்" என்றேன்.

"ஆருக்கு? மிசினுக்கோ?"

"மிசினுக்குச் செய்யிறவர் ஆளுக்கும் செய்வார்."

படம் பார்த்துக்கொண்டிருந்த அம்மா என்னைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். மாப்பிள்ளை கோபிக்காமல் சொன்னார்: "மிசினுக்கு ரோசமில்லை. எத்தினை தரம் ஏமாத்தினாலும் திரும்ப வந்து ஏமாறும். ஆள் அப்பிடியில்லை. ஒருக்காத்தான் ஏமாறும். பிறகு எங்களோடை விளையாட வராது."

அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் பதில் சொல்லத் தெரிந்த அளாப்பிகளும் இருக்கிறார்கள். எங்கள் அண்ணையும் நன்றாகப் பதில் சொல்வார். அவர்கள் போன பிறகு, "என்ன பிள்ளை, ஓமோ இல்லையோ?" என்று அம்மா கேட்டபோது, "அவரோடை விளையாடிப் பாத்திட்டுச் சொல்லுறன்" என்றேன்.

அம்மா உடனே அன்ரிக்குப் போன் எடுத்தார். "சாதகம் பாக்காத சனம் எண்டு பேரெடுத்து வைச்சிருக்கிறம். இவள் கேம் பாக்கப்போறாளாம்!"

சனிக்கிழமைப் பின்னேரங்களில் விளையாடினோம். அவர் அச்சுவேலியில், நான் பருத்தித்துறையில், நடுவில் ஸ்பீக்கரில் போட்ட போன். அவர் யாழ்ப்பாணம், நான் கடலுக்கு அப்பால் பெரிய விஜயநகரம். தொடங்கமுன் சட்டங்கள் பேசினோம். தோற்றுப்போனால் பழைய சேவை, அதாவது முன்பு சேமித்து வைத்த ஆட்டத்தைத் திறந்து திரும்ப விளையாடக்கூடாது என்று நான் சொன்னேன். ஓட்டை ஒன்றைக் கண்டுபிடித்தால் பாவிக்க முந்தி மற்றவருக்குச் சொல்லவேணும் என்று அவர் சொன்னார். அதைக் கேட்டதும் மனதுக்குள் அவருக்குப் பாதி மாலை போட்டுவிட்டேன் என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அந்தச் சனிக்கிழமைகளில் சிரித்ததைப் போல் நான் வேறெப்போதும் சிரித்ததில்லை. அவர் தன் இளவரசனுக்கு என் இளவரசியைக் கேட்டுத் தூது அனுப்பினார். நான் மறுத்தேன். "வீட்டிலையும் உந்தப் பதில்தானோ?" என்றார். அம்மா பக்கத்தில் இருந்து முருங்கையிலை ஆய்வார். முதல் வாரம் எங்களைக் கவனிக்காத மாதிரி இருந்தவர், அடுத்த வாரம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையைப் பார்த்தார். அதற்கடுத்த வாரம், "பாவம் பிள்ளை, அந்தச் சின்ன நாட்டோடை ஏன் கொழுவுறாய்?" என்று எதிரிப் பக்கம் சேர்ந்துவிட்டார்.

கொழுவத்தான் செய்தேன். என் கப்பல்கள் எல்லாம் மேற்குக் கரையில் நிற்க, பெரும்படையை நீரிணை கடந்து அனுப்பி அவருடைய கோட்டையைச் சுற்றி வளைத்தேன். அது முட்டாள்தனமான துணிவு. அவர் துறைமுகத்தில் இருந்த ஒரு கப்பலை நீரிணையில் கொண்டுவந்து நிறுத்தினால் போதும், என் படைக்குத் திரும்ப வழியில்லை. சாப்பாடின்றி அங்கேயே அழிந்துபோகும். இதில் ஓட்டையும் இல்லை, அளாப்பலும் இல்லை, நேரான போர். எனக்கு அது தெரியும், அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். கப்பல் இப்போது வரும், இப்போது வரும் என்று காத்திருந்தேன்.

கப்பல் வரவில்லை. கோட்டை விழுந்தது. நகத்துண்டு என் நிறத்துக்கு மாறியது.

"வாழ்த்துக்கள்" என்றார் போனில், நல்ல சந்தோசமாக.

"கப்பல் எங்கை நிண்டது?"

"துறைமுகத்திலை."

"ஏன் வெளிக்கிடேல்லை?"

"அது... மறந்துபோனன்."

நான் போனை வைத்துவிட்டேன். அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. அந்த ஒரு கப்பலை வைத்தே நூற்றாண்டுகளை ஓட்டினவர் அதை மறந்துபோனாராம்!

"இந்தச் சம்பந்தம் வேண்டாம் அம்மா" என்றேன். "பொய் சொல்லுறார்."

அம்மாவின் கையில் இருந்த முருங்கைக் கொப்பு கீழே விழுந்தது. "என்ன பொய்? வேறை ஆரும் இருக்கினமோ?"

"கப்பலை விடேல்லை."

"விடாட்டி உனக்கு நல்லதுதானே?"

அம்மாவுக்கு எப்படி விளங்கப்படுத்துவது? விட்டுக்கொடுப்பதும் அளாப்பல்தான். அண்ணை காயைத் தள்ளியபோதாவது என்னை ஒரு எதிரியாக மதித்துத் தள்ளினார். வேண்டுமென்று தோற்கிறவர் அந்த மரியாதையைக்கூடத் தருவதில்லை. வெற்றி தோல்வி இரண்டையும் அவரே தீர்மானித்துவிட்டு, நடுவில் என்னைப் பொம்மையாக இருத்துகிறார். கணினிக்குப் போக்குக் காட்டியதைப் போலத்தானே இதுவும்? ஒரு விளையாட்டில் இப்படிச் செய்கிறவர், நாளைக்கு வேலையில் கரைச்சல் என்றாலும், உடம்புக்கு ஏலாமல் போனாலும், "ஒண்டுமில்லை" என்று சிரித்துக்கொண்டு என்னை ஏய்க்கமாட்டார் என்று என்ன நிச்சயம்? எனக்கு அவரைப் பிடித்துப்போயிருந்தது. அதனால்தான் அவ்வளவு கோபம்.

அடுத்த நாள் ஆராதனை முடிந்து வந்து நாங்கள் சாப்பிட்டு எழும்ப, வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. முதுகில் லப்டொப் பையோடு அவர் நின்றார். அம்மா ஓடிப்போய்ப் படலையைத் திறந்தார். நான் எழும்பவில்லை.

அவர் உள்ளே வந்து, இருக்கச் சொல்லியும் இருக்காமல், "உண்மையைச் சொல்லட்டோ?" என்றார்.

"இனியாவது சொல்லுங்கோ."

"எங்கடை அம்மாதான் சொன்னவ, பொம்பிளைப் பிள்ளையை வெண்டிடாதை, கலியாணம் குழம்பிப்போம் எண்டு. நானும் பயந்திட்டன். வெண்டால் நீங்கள் ஓம் எண்டு சொல்லமாட்டியள் எண்டு நினைச்சன்."

"தோத்தால் சொல்லுவன் எண்டு ஆர் சொன்னது?"

அவர் காது சிவந்துபோய் நின்றார். நன்றாகப் பதில் சொல்லத் தெரிந்த மனிதர் அப்படி வாயடைத்து நின்றதைப் பார்க்க, என் கோபம் எனக்குத் தெரியாமலே பாதியாகிவிட்டது.

"போர் தொடங்க முந்தின சேவ் என்னட்டை இருக்கு" என்றார் மெதுவாக.

"பழைய சேவைத் திறக்கக்கூடாது எண்டதுதானே சட்டம்?"

"ஓம். உங்கடை சட்டம்தான். நீங்கள் வேண்டாமெண்டால் திறக்கேல்லை. இப்பவே போறன்."

யோசித்தேன். ஒருவர் மற்றவருக்குத் தெரியாமல் சட்டத்தை மீறினால் அது அளாப்பல். இரண்டு பேரும் நேருக்கு நேர் இருந்து, கண்ணைப் பார்த்து, இந்த ஒருமுறை என்று மாற்றினால் அதற்கு என்ன பெயர்? எனக்குத் தெரியவில்லை. கெட்ட பெயராக இருக்காது என்று மட்டும் பட்டது. போய் என் லப்டொப்பை எடுத்துவந்து சாப்பாட்டு மேசையில் வைத்தேன்.

"இந்தமுறை கப்பல் வரும்" என்றார் எதிரே அமர்ந்து. "முதலே சொல்லிப்போட்டன்."

"வரட்டும். பாப்பம்."

இந்தமுறை நான் முட்டாள்தனம் செய்யவில்லை. மேற்குக் கரைக் கப்பல்கள் அத்தனையையும் நீரிணையில் கொண்டுவந்து காவலுக்கு நிறுத்திவிட்டுத்தான் படையைக் கடத்தினேன். அவருடைய ஒற்றைக் கப்பல் துறைமுகத்தை விட்டு மூக்கை நீட்டினாலே மூழ்கிவிடும். கோட்டையை வளைத்தாயிற்று. அவர் ஒன்றும் செய்யாமல் அம்மா கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டிருந்தார். மாதங்கள் ஓடின. கோட்டைக்குள் அவருடைய ஆட்கள் பாதியாகக் குறைந்தார்கள். நான் வெல்லப்போகிறேன் என்று தெரிந்தது. மறுபடியும் மறந்துபோனன் என்று மட்டும் சொன்னால், லப்டொப்பைத் தூக்கி எறிவதென்று முடிவுசெய்திருந்தேன்.

கடலில் நெடுநாள் நிற்கிற கப்பல்கள் பழுதாகும், இடைக்கிடை துறைமுகம் போய்த் திருத்தவேண்டும். என் கப்பல்கள் நொந்துபோயிருந்தன. இவ்வளவு நாளும் வராத கப்பல் இனியா வரப்போகிறது என்று அவற்றைத் திருப்பி அழைத்தேன். கொஞ்ச நாளைக்குத்தானே.

அவர் தேத்தண்ணிக் கோப்பையை வைத்தார்.

"கப்பல் வெளிக்கிடுது" என்றார்.

திரையில் அந்தச் சின்னப் புள்ளி துறைமுகத்தை விட்டுப் புறப்பட்டு நீரிணையின் நடுவில் போய் நின்றது. போக்குக் காட்டவில்லை, அசையவுமில்லை. என் கப்பல்கள் பாய்மரம் கழற்றிய நிலையில் துறைமுகத்தில் கிடந்தன. விஜயநகரத்தின் பெரும்படை வடமராட்சிக் கரையில் பசியோடு நின்று கரையத் தொடங்கியது. நான் கத்தினேன். மேசையில் அடித்தேன். பிறகு பார்த்தால் சிரித்துக்கொண்டிருக்கிறேன், கண்ணில் தண்ணீர் வர, வயிற்றைப் பிடித்துக்கொண்டு. என்னை ஒருவர் இவ்வளவு கவனமாக, இவ்வளவு பொறுமையாக, ஒரு துளி இரக்கமும் இல்லாமல் வென்றிருக்கிறார். வாழ்க்கையில் அதைப்போல ஒரு மரியாதை எனக்குக் கிடைத்ததில்லை.

சமாதானம் கேட்டுத் தூது அனுப்பினேன். அவர் ஏற்றுக்கொண்டுவிட்டு, திரைக்கு மேலால் என்னைப் பயத்தோடு பார்த்தார்.

குசினி வாசலில் அம்மா சீலைத் தலைப்பைக் கையில் முறுக்கிக்கொண்டு நின்றார். "என்ன பிள்ளை, என்ன நடந்தது?"

"தோத்துப்போனன் அம்மா."

"ஐயோ, கர்த்தரே!" அம்மாவின் முகம் விழுந்துவிட்டது. "அப்ப அன்ரிக்கு என்னெண்டு சொல்லுறது?"

"கலியாண எழுத்துக்கு நாள் பாக்கச் சொல்லுங்கோ" என்றேன். "ஒருக்கா எண்டாலும் வெல்லாமல் நான் இவரை விடமாட்டன்."