அடி பார்க்காத நாற்பது மரங்கள்

இது நடந்தது, கண்ணுங்களா. யாருக்கு நடந்ததோ அவர் வாயாலேயே கேட்டது. பேய்க்கதை சொல்கிறவர்கள் கண்ணை உருட்டுவார்கள், குரலை இறக்குவார்கள். அவர் அப்படி ஒன்றும் செய்யவில்லை. சொல்லும்போது அழுதார். அதனால்தான் நம்பினேன்.

மரம் தட்டுவது அவர் தொழில். மலைச்சரிவில், பலகைக்காக வளர்க்கும் பெரிய மரத்தோட்டம். மரச்சுத்தியலால் தண்டில் மூன்று தட்டுத் தட்டுவார். சத்தம் கெட்டியாக வந்தால் மரம் நல்லது. டொம் என்று வந்தால் உள்ளே பொந்து. ஆனால் வேரழுகல் என்று ஒரு நோய் உண்டு. மண்ணுக்குள் இருக்கும் பூஞ்சை அது. ஒரு மரத்து வேரிலிருந்து அடுத்த மரத்து வேருக்குத் தொற்றிக்கொண்டே போகும். மேலே இலையெல்லாம் பச்சைப் பசேலென்று சிரிக்கும். நெஞ்சுயரத்தில் தட்டினால் கெட்டியாகத்தான் கேட்கும். கீழே பிடிப்பே இருக்காது. அடியில் மண்ணைப் பறித்து, பட்டையைக் கீறி, வெள்ளை நூல் படர்ந்திருக்கிறதா என்று பார்த்தால்தான் தெரியும். அதற்கு ‘அடி பார்ப்பது’ என்று பெயர்.

அடி பார்த்தது அவர் மனைவி. அவர் ஆறடிக்கு மேல் உயரம். முழங்கால் சரியாக மடங்காது. அவள் அவர் தோளுக்குக்கூட எட்டமாட்டாள். தோட்டம் முழுக்க அவர்களுக்குப் பெயர் நெட்டையும் குட்டையும். அவள் இடதுகைக்காரி. சருகைக் கூட்டி விரித்து, பறித்த மண்ணை அதன்மேல் இடப்பக்கமாகக் குவிப்பாள். திரும்ப மூட வசதி. பார்த்து முடித்ததும் களைக்கொத்தின் பிடியால் பட்டையில் தட்டிச் சொல்லுவாள். ஒரு தட்டு என்றால் நல்ல மரம். இரண்டு என்றால் நோய். அவர் சுண்ணாம்பால் குறி போடுவார்: நல்லதற்கு ஒரு கோடு, வெட்ட வேண்டியதற்குப் பெருக்கல் குறி. பத்தொன்பது வருஷம் இப்படித்தான்.

ஒரு நாள் தண்ணீர்த் தொட்டியடியில், பத்துப் பேர் நடுவில், அவள் விளையாட்டாக வாயை விட்டாள்.

“எங்க நெட்டைக்கொக்குக்கு மரத்தோட மூஞ்சி மட்டும்தான் தெரியும். காலைத் தொட்டுப் பார்க்க நான்தான் வேணும்.”

எல்லோரும் சிரித்தார்கள். மேஸ்திரிக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. அவருக்குச் சுருக்கென்றது.

மறுநாள் காலை, “நீ வீட்டிலேயே கிட. எனக்கு நீ வேண்டாம்” என்று சொல்லிவிட்டுத் தனியாகக் கிளம்பினார்.

“பார்த்துக் குனிங்க, ஒடிஞ்சிடப் போறீங்க!” வாசலில் நின்று அவள் கத்தினாள். சிரித்துக்கொண்டுதான்.

அன்று ஒரே வரிசையில் நாற்பது மரங்கள். ஒன்றுக்குக்கூட அவர் குனியவில்லை. நெஞ்சுயரத்தில் தட்டினார், கோடு போட்டார், வந்துவிட்டார். வந்த பிறகும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மூன்று நாள் அவளோடு பேசவில்லை.

நான்காம் நாள் அந்த வரிசையின் முதல் மரம் விழுந்தது. காற்று இல்லை, மழை இல்லை. அவள் அதன் அடியில் கிடந்தாள். விறகு பொறுக்கப் போயிருப்பாள் என்றார்கள்.

“அடி பார்த்தீங்கதானே?” என்று கேட்டார் மேஸ்திரி.

“பார்த்தேன்.”

ஒரே ஒரு சொல். அதைச் சொன்ன பிறகு, மிச்சம் முப்பத்தொன்பது மரங்களைப் பற்றி எப்படி வாயைத் திறப்பது? திறந்தால், கட்டியவளைச் சாகக் கொடுத்தது தன் வீம்புதான் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். திறக்காவிட்டால்... அந்த வரிசையின் கடைசி மரம் தொழிலாளர் குடியிருப்புக்கு நேர் மேலே நின்றது. ஒன்றையொன்று ஒட்டி ஆறு வீடு. உள்ளே குழந்தைகள்.

பதினேழு நாள் கண்ணை மூடாமல் கிடந்தார். பதினெட்டாம் நாள், யாருக்கும் தெரியாமல் தானே போய் அடி பார்த்துவிடுவது என்று எழுந்தார். அவளுடைய களைக்கொத்தைத் தேடினார். வீட்டில் இல்லை. எங்கே போயிருக்கும் என்று அப்போது யோசிக்கவில்லை. கிடைத்த ஒரு கரண்டியையும் சுண்ணாம்பையும் எடுத்துக்கொண்டு நடந்தார்.

பிற்பகல் மூன்று பத்து. பனி இறங்கியிருந்தது. நாலு மரத்துக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை.

இரண்டாவது மரத்தடியில் ஏற்கெனவே மண் பறித்திருந்தது.

பன்றியாக இருக்கும் என்று நினைத்தார். மூன்றாவது மரத்திலும் அப்படியே. மண் ஈரமாக, புதிதாக இருந்தது. பன்றி சருகை விரிக்குமா? அதன்மேல் மண்ணைக் குவிக்குமா?

குவியல் இடப்பக்கம் இருந்தது.

மூன்று இருபத்திரண்டு. முன்னால், பனிக்குள்ளே...

சரக்... சரக்... சரக்...

“யாரது?”

சத்தம் நின்றது. பிறகு, டக். ஒரே தட்டு.

விரைந்து போனார். அந்த மரத்தடியில் யாரும் இல்லை. குவியலின் உச்சியிலிருந்து ஒரு மண்கட்டி அப்போதுதான் உருண்டு குழிக்குள் விழுந்தது.

அடுத்த மரம். சரக்... சரக்... டக்.

அடுத்தது. சரக்... டக்... டக்.

இரண்டு!

முழங்காலை மடக்கினார். உயிர் போகிற வலி. பத்தொன்பது வருஷத்தில் முதல் முறையாக ஒரு மரத்தின் காலடியில் மண்டியிட்டார். பட்டை கீறியிருந்தது. உள்ளே வெள்ளை நூல், விரித்த விரல்கள்போல் படர்ந்திருந்தது. காளான் வாசனை குப்பென்று அடித்தது. பெருக்கல் குறி போட்டார்.

“குட்டை...”

சத்தம் எப்போதும் ஒரு மரம் முன்னால் இருந்தது. அவர் நின்றால் அதுவும் நின்றது. காத்திருந்தது.

“நான் பொய் சொல்லிட்டேன். உனக்குத் தெரியும்ல?”

சரக்... சரக்...

நாலு ஐம்பது. பனிக்குள் கூரைகள் தெரிந்தன.

கடைசி மரம்.

டக்.

மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

...டக்.

அதன் பிறகு சத்தம் பின்னால் கேட்டது. வெகு தொலைவில், வரிசையின் தொடக்கத்தில், முதல் மரம் விழுந்த குழியில். சரக் சரக் சரக் சரக்... அவசர அவசரமாக. தட்டு மட்டும் வரவேயில்லை.

அவளிடம் ஓட வேண்டும் என்றுதான் கால் திரும்பியது. கூரைக்குக் கீழே ஒரு குழந்தை இருமியது.

அவர் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கீழே ஓடினார்.

“அடி பார்க்கல! நாற்பதுக்கும் பார்க்கல!”

மேஸ்திரி அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். “அட பாவி மனுஷா...” என்றவர் அப்படியே கையை விட்டுவிட்டு, வீடு வீடாகக் கதவைத் தட்ட ஓடினார். ஆறு வீடும் காலியாயிற்று. ஐந்து முப்பத்தெட்டுக்கு, ஓர் இலைகூட அசையாத நேரத்தில், அந்த மரம் சாய்ந்தது. ஆறு கூரையும் நொறுங்கின. ஒருவருக்கும் கீறல் இல்லை.

மறுநாள் நோய் மரங்களை வெட்டினார்கள். அவர் பெருக்கல் குறி போட்டவை மட்டும்தான் அழுகியிருந்தன. ஒன்றுகூட மாறவில்லை. அவருக்கு வேலை போயிற்று.

ஒரு வாரம் கழித்து, அவள் உடலைக் குளிப்பாட்டிய பக்கத்து வீட்டு அக்கா வந்தாள். அவர் முகத்தைப் பார்க்காமல் பேசினாள்.

“தம்பி, அன்னிக்கு அவ நகத்துக்குள்ளயெல்லாம் மண்ணு. வெள்ளை வெள்ளையா நூலு. நான்தான் கழுவிவிட்டேன்.”

அக்கா முந்தானை முனையைத் திருகிக்கொண்டே தொடர்ந்தாள்.

“காலையில எங்கிட்டதான் சொல்லிட்டுப் போனா. ‘அவரால குனிய முடியாதுக்கா. கேட்டா ரோஷம் பொத்துக்கிட்டு வரும். நாற்பதையும் நானே பார்த்து முடிச்சிட்டு வீட்டுக்கு வந்துடறேன், அவருகிட்ட சொல்லிடாதீங்க’ன்னா. நீங்க அடி பார்த்தேன்னு சொன்னதும், நான் எதுக்கு வாயைத் திறக்கணும்னு விட்டுட்டேன்.”

நாற்பதையும் முடித்துவிட்டு வீட்டுக்கு.

முப்பத்தொன்பது முடிந்துவிட்டது. மிச்சம் அந்த முதல் மரம். அதை அவள் செத்த மறுநாளே அறுத்து லாரியில் ஏற்றிவிட்டார்கள். தட்டிச் சொல்ல அங்கே பட்டை இல்லை.

அந்தக் குழியை இதுவரை மூன்று முறை மூடிவிட்டார்கள். ஒவ்வொரு பனிக்கும் பிறகு திறந்து கிடக்கிறது, முன்னைவிட ஆழமாக.

பனி இறங்கும் நாளில் அவர் போகிறார். விளிம்பில் மண்டியிடுகிறார்.

“போதும் குட்டை. வீட்டுக்கு வா.”

சத்தம் நிற்கிறது. கொஞ்ச நேரம்தான்.

பிறகு...

சரக்.