முல்லைத்தீவு என்று வந்த சீட்டு

இந்த ஓகஸ்ட் விடுமுறைக்கு எங்கே போகலாம் என்று கணவர் கேட்டார். அவருக்கு நுவரெலியாவின் குளிர் வேண்டும், நாலு வயது மகளுக்கு யானை வேண்டும். "சீட்டுப் போட்டுப் பார்ப்பமே" என்று அவர் சிரித்தார். அன்று முழுவதும் என்னால் எதையும் உருப்படியாகச் செய்ய முடியவில்லை.

சிறுவயதில் எங்கள் வெள்ளவத்தை வீட்டில் அப்படித்தான் முடிவாகும். ஆளுக்கொரு இடம் சொல்ல, அம்மா துண்டுக் கடதாசிகளில் எழுதி மடித்து, சாமிப் படத்தின் முன் தட்டில் போடுவார். வீட்டில் சின்னவள் என்பதால் எடுப்பது என் வேலை. எனக்குப் பதினொரு வயதான வருடம் அப்பா பண்டாரவளை என்றார். அண்ணா யாலவில் சிறுத்தை பார்க்க வேண்டுமென்றான். நான் பாசிக்குடா. அங்கே கடலில் எவ்வளவு தூரம் நடந்தாலும் முழங்கால் தண்ணீர்தான் என்று வகுப்பில் ஒருத்தி சொல்லியிருந்தாள். அம்மா தன் இடத்தைச் சொல்லவில்லை.

நான் எடுத்த சீட்டில் முல்லைத்தீவு என்றிருந்தது.

"லீவுக்குப் போற இடமோ அது?" என்றார் அப்பா. "மடிச்சுப் போட்டிட்டுத் திரும்ப எடு, பிள்ளை."

தட்டைக் குலுக்கி எடுத்தேன். திரும்பவும் அதே பெயர்.

"இவளின்ர கையில பேய் இருக்கு" என்றான் அண்ணா.

அம்மா சீட்டுகளை அள்ளிக் குசினி அடுப்படிக்குக் கொண்டுபோனார். "சாமி தந்தாச்சு. இனிக் கதை வேண்டாம்." எல்லாவற்றிலும் ஒரே பெயரை எழுதியிருப்பார் என்று இப்போது நினைக்கிறேன். அன்று என் கையைப் பார்த்து நானே பயந்தேன்.

அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, சண்டையின் கடைசி மாதங்களில் முல்லைத்தீவுப் பக்கம்தான் இருந்தார். அவரைப் பற்றிக் கேட்டால் "வருவான்" என்பதோடு அம்மா நிறுத்திவிடுவார். எங்களோடு இருந்த காலத்தில், கோயில் வாசலில் மாறிவிடக்கூடாதென்று எல்லோருடைய செருப்பின் அடியிலும் காய்ச்சிய ஆணியால் ஒரு பெருக்கல் குறி போட்டுவிடுவார் மாமா. எனக்கு அவரைப் பற்றி அது ஒன்றுதான் நினைவிருந்தது.

நாங்கள் போய் இறங்கிய முல்லைத்தீவுக் கடற்கரையில் எங்களைத் தவிர யாருமில்லை. உச்சி வெயிலில் ஒரு காகம்கூட இல்லை. மணலில் புதைந்து கிடந்தவை செருப்புகள், சோடியில்லாத செருப்புகள். அம்மா ஒவ்வொன்றாக எடுத்து, மணலைத் தட்டி, அடியைப் பார்த்து, தூங்குகிறவரை எழுப்பிவிடக்கூடாது என்பது போல எடுத்த இடத்திலேயே வைத்தார். அண்ணா நாங்கள் வந்த வாடகை வானுக்குள் ஏறிவிட்டான். அப்பா எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றார்.

"என்னம்மா தேடுறீங்கள்?"

"சும்மா. நீ போய் விளையாடு."

அலையோரம் நடந்தேன். ஓர் ஆண் செருப்பு பாதி புதைந்திருந்தது. திருப்பினேன். குதிகால் பக்கத்தில் பெருக்கல் குறி.

அம்மா எதைத் தேடுகிறார் என்பது அப்போதுதான் விளங்கியது. இதையும் என் கைதான் எடுத்திருக்கிறது. காட்டினால் அம்மா இந்த இடத்தை விட்டு வரவே மாட்டார் என்று பட்டது. கடலுக்குள் எறிந்தேன். அலை அதைத் திருப்பிக் கொண்டுவந்து என் காலடியில் போட்டது. மறுபடியும், முழுப் பலத்தோடு எறிந்தேன்.

"ஏதும் கிடந்ததோ பிள்ளை?" அம்மா தூரத்திலிருந்து கேட்டார்.

"இல்லையம்மா."

அம்மாவின் முகம் தெளிந்தது. திரும்பும் வழியில் எங்களுக்கு விளாம்பழம் வாங்கித் தந்தார். நல்ல காரியம் செய்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு நான் சாப்பிட்டேன்.

அது மாமா போட்ட குறியா, வெயிலில் வெடித்த கீறலா என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை. அதற்குப் பிறகு அம்மா மூன்று வீடு மாறிவிட்டார். ஒவ்வொரு முறையும் பழைய வீட்டுக் காவலாளியிடம் புது முகவரியை எழுதிக் கொடுத்துவிட்டே வருகிறார், தம்பி வந்து கேட்டால் கொடுப்பதற்கு. நான் சொன்ன அந்த ஒரு "இல்லை"யை அம்மா இத்தனை வருடம் நம்பிக்கொண்டிருப்பார் என்று அந்தக் கடற்கரையில் எனக்குத் தெரியாது.