நம்பர் இல்லாத செடிகள்

முந்தானையை நனைத்துப் பிழிந்து இலையைத் துடைக்கிறாள் பச்சையம்மா. மேல்பக்கம் ஒரு இழுப்பு, அடிப்பக்கம் ஒரு இழுப்பு. சாம்பல் போனதும் அலையாத்தி இலை பச்சையாகத் தெரிகிறது. அடுத்த செடி. வரிசையின் கோடிக்குப் போய்த் திரும்பிப் பார்த்தால் முதல் செடி மறுபடி மங்கியிருக்கும். மேற்கே அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் நிற்கின்றன. காற்று அங்கிருந்து வீசும் நாட்களில் அவள் அந்தப் பக்கம் பார்ப்பதேயில்லை.

முகத்துவாரக்குப்பத்தில் எங்கள் வீட்டுக்கு மூன்றாவது வீடு அவளுடையது. ஐம்பது வயதிருக்கும். முப்பது வருடம் ஆற்றுச் சேற்றில் உட்கார்ந்து கையால் எறா தடவிப் பிடித்தவள். ஓலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கையையும் சேற்றுக்குள் விட்டுத் தடவி, அகப்பட்டதைப் பறிக்குள் போட வேண்டும். வாயில் பறி இருப்பதால் பேச்சு கிடையாது. கரையேறிய பிறகும் அந்தப் பழக்கம் அவளை விடவில்லை. எதையாவது சொல்லுமுன் தாடையை இப்படியும் அப்படியும் அசைத்துக்கொள்வாள்.

ஆற்றில் எறா குறைந்தது. அவள் முட்டியும் விட்டுப்போனது. அந்தச் சமயத்தில்தான், 2006 கடைசியில், கம்பெனிகளுக்கு ஆள் பிடித்துத் தரும் தாமோதரன் தண்டையார்பேட்டையிலிருந்து குடை பிடித்துக்கொண்டு வந்தார். ஒரு வெளிநாட்டுக் கம்பெனி இங்கே அறுநூறு அலையாத்திக் கன்றுகள் வைக்கப்போகிறது, நட்டுக் காவல் பார்த்து இலை துடைக்க ஆள் வேண்டும் என்றார். வாரத்தில் ஆறு நாள் வேலை. கட்டிலோடு கிடக்கும் கணவன் மனோகரனுக்கு மருந்து அதில்தான் வந்தது.

எதற்கு நடுகிறார்கள் என்று பச்சையம்மா கேட்டாள். வெளிநாட்டில் விமானத்தில் போகிறவர்கள் அது விடும் புகைக்கு ஈடாகக் கொஞ்சம் பணம் கட்டுகிறார்கள், அதில் இங்கே மரம் வளர்கிறது, மரம் அந்தப் புகையைக் குடித்துவிடும் என்று தாமோதரன் விளக்கினார். பச்சையம்மா தாடையை அசைத்துக்கொண்டு மேற்கே கை காட்டினாள்.

“அவன் வுட்ட பொகைக்கு இங்க மரம். செரி நைனா. தோ, இந்தப் பொகைக்கு எங்க வெச்சிகீறாங்க?”

தாமோதரன் குடையை அடுத்த கைக்கு மாற்றிக்கொண்டார். அந்தக் கேள்வியை அவள் பிறகு கேட்கவில்லை.

கன்று ஒவ்வொன்றிலும் நம்பர் அடித்த சின்ன அலுமினியத் துண்டு தொங்கும். ஒவ்வொரு நம்பரும் பணம் கட்டிய யாரோ ஒருவருடையது, ஒன்றுகூடத் தொலையக் கூடாது என்று தாமோதரன் அவளிடம் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார். ஆனால் கன்றுகள் செத்துக்கொண்டே இருந்தன. சாம்பல் படிந்து சில, எண்ணெய் மிதந்து வந்த வாரத்தில் பல. செத்த கன்றின் துண்டை அவிழ்த்து, ஆற்றோரம் தானாக முளைத்து நின்ற அலையாத்தியில் வலை நூலால் கட்டிவிட்டாள். யாரையும் ஏமாற்றுவதாக அவள் நினைக்கவில்லை. எங்கள் குப்பத்தில் படகு உடைந்தால் அதன் நம்பரைப் புதுப் படகில் எழுதுவார்கள். நம்பர் சும்மா கிடக்காது.

போன பங்குனியில், நட்டு இரண்டு வருடம் கழித்து, பெங்களூரிலிருந்து ஓர் இளம்பெண் கன்றுகளைக் கணக்கெடுக்க வந்தாள். பச்சையம்மாவுக்கு எழுத்து தெரியாததால், நம்பர்களைப் படித்துச் சொல்ல என்னைக் கூப்பிட்டார்கள். நான் படிக்க, அந்தப் பெண் எழுதிக்கொண்டே வந்தாள். ஆற்றோரம் வந்ததும் நின்றாள். மற்ற செடிகள் விரல் கனம். நம்பர் தொங்கிய இந்த மரம் மணிக்கட்டு கனம். அடிமரத்தைப் பிடித்துப் பார்த்து, இது நீங்கள் நட்டதா என்று கேட்டாள். அவளுக்குப் பின்னால் நின்ற தாமோதரன், ஆமாம் சொல் என்று கண்ணைக் காட்டினார்.

பச்சையம்மா தாடையை அசைத்தாள். “நான் எங்கம்மா நட்டேன்? தண்ணில வெத வந்து அதுவா மொளச்சிது. நான் நட்டது செத்துப் பூட்சி. அதான் நம்பர இதுக்குக் கட்டினேன். ஒடஞ்ச படகு நம்பர புதுசுக்குப் போட்றதில்லியா?”

அந்தப் பெண் பேனாவை மூடினாள். கோபமில்லாமல்தான் சொன்னாள். இது யார் பணமும் இல்லாமலே வளர்ந்திருக்கும் மரம், இதைக் காட்டி யார் புகையையும் கழிக்க முடியாது என்றாள்.

“மரம் மரந்தானே? நட்டா ஒரு காத்து, மொளச்சா ஒரு காத்தா குடிக்கும்?”

அந்தப் பெண் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. இங்கே வந்த விமானத்துக்குத் தானும் இதேபோல் பணம் கட்டியிருப்பதாக மெல்லச் சொன்னாள்.

“உன் நம்பரு எதும்மா?” என்றாள் பச்சையம்மா. இருந்தால் காட்டலாம் என்றுதான் கேட்டாள். அந்தப் பெண்ணுக்குத் தெரியவில்லை.

அன்று சாயங்காலமே ஆற்றோர மரங்களிலிருந்த துண்டுகளை அவிழ்க்கச் சொன்னார்கள். உப்பில் இறுகிய முடிச்சுகளைப் பச்சையம்மா பல்லால் அவிழ்த்தாள். நட்ட அறுநூற்றில் நாற்பத்தொன்று மிஞ்சியது. அந்தப் பெண்ணின் வண்டி போன பிறகு தாமோதரன் கத்தினார்.

“ஆமான்னு ஒரு வார்த்த சொன்னா இன்னா? பறி இல்லன்னா வாய் நிக்காதா ஒனக்கு?”

அவள் பல்லில் ஒட்டிய நூல் துணுக்கைத் துப்பினாள்.

இப்போது வாரத்தில் இரண்டு நாள்தான் வேலை. நம்பர் உள்ளதை மட்டும் துடைக்க வேண்டும், மற்றதில் கை வைத்தால் அந்த இரண்டு நாளும் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். மீதி நாட்களில் வலிக்கிற முட்டியோடு மறுபடி சேற்றில் உட்காருகிறாள். மனோகரனின் மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுக்கிறாள். அதைப் பற்றிக் கேட்டால், “இன்னா பண்றது, கீறத வெச்சி ஓட்றோம்” என்பதோடு சரி.

நேற்று நான் கரைமேல் நின்றிருந்தேன். நாற்பத்தொன்றாவது செடியைத் துடைத்து முடித்தாள். தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. முட்டியைப் பிடித்துக்கொண்டு ஆற்றோரமாகவே திரும்பி வந்தாள். அங்கே அடிமரங்களில் வலை நூல் இறுக்கிய தடம் இன்னும் தெரிகிறது. ஒரு மரத்தடியில் நின்றாள். தலையைத் திருப்பி மேட்டைப் பார்த்தாள். தாமோதரனின் குடை ரோட்டுப் பக்கம் திரும்பியிருந்தது. சட்டென்று முந்தானையைத் தண்ணீரில் தோய்த்து, எட்டிய இலையில் மேல்பக்கம் ஒரு இழுப்பு, அடிப்பக்கம் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, ஈர முந்தானையை மடித்து இடுப்புக்குள் மறைத்துச் செருகிக்கொண்டாள்.