கேமராவுக்குப் போட்ட பட்டை

எங்கள் அண்டி ஆபீசுக்கு, அதாவது முந்திரிப்பருப்பு உடைக்கும் கொட்டகைக்கு, கேமரா வைத்த இயந்திரம் வந்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. பெல்ட்டில் ஓடும் ஒவ்வொரு பருப்பையும் அது படம் பிடிக்கும். நம் கண்ணுக்குத் தெரியாத ஒளியில் பார்த்து, ஈரம், பூசணம் எல்லாம் கண்டுபிடித்து, கெட்டதைக் காற்றால் ஊதித் தள்ளிவிடும்.

கோட்டாற்றுப் பலகாரக் கடைக்காரர் ஒருவர் அதைப் பார்க்க வந்தார். அவர் ஆர்டர் கொடுத்தால் மழை மாதங்களிலும் ஆபீசைத் திறந்து வைக்கலாம். இல்லையென்றால் வழக்கம்போலப் பூட்டு. தோல் உரிக்கும் பெண்களுக்கு வேலை கிடையாது. காலையிலிருந்தே எனக்கு ஒரே வெப்ராளம், இருப்புக் கொள்ளவில்லை.

சுவிட்சைப் போட்டேன். நானே பொறுக்கி வைத்த முழுப்பருப்பு. படுபாவி இயந்திரம் ஒன்றைக்கூட விடாமல் கழிவுத் தொட்டியில் தள்ளியது!

“என்ன தங்கச்சி, அம்புட்டும் கேடா?” என்றார் கடைக்காரர்.

வந்த கோபத்தில் இயந்திரத்தை உதைத்திருப்பேன். மூடியைத் திறந்தால், கேமராவுக்கு முன்னாலிருந்த கண்ணாடியில் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை மூன்று திருநீற்றுப் பட்டை. நடுவில் சந்தனம், குங்குமம்!

புதுசாக எது வாங்கினாலும் பொட்டு வைக்காமல் ஓட்டமாட்டோம். நானும் முந்தின நாளே பக்கவாட்டுத் தகரத்தில் வைத்திருந்தேன். இது யார் வேலை? திரும்பினால், என் வீட்டுக்காரர் தலையைச் சொறிந்துகொண்டு நிற்கிறார். துபாயிலிருந்து வந்த நாள் முதல் என் பூஜையைக் கேலி பண்ணுகிற மனிதர்!

“நீ ஓரத்துல வச்சிருந்த. நெத்தியில வச்சாத்தானட்டி ஐஸ்வரியம்?”

“அது நெத்தியா? கண்ணுங்க, கண்ணு! கண்ணுல திருநீறு அப்புனா எவனுக்குத்தான் தெரியும்?”

கொட்டகையே சிரித்தது. கண்ணாடியைத் துடைத்து மறுபடி ஓட்டினேன். சோதித்துப் பார்க்கக் கடைக்காரர் பூசணம் பிடித்த பருப்பு ஒரு பிடி கலந்துவிட்டார். அது மட்டும் தனியாகத் தொட்டியில் விழுந்தது.

“கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு. திருநீத்துக்கே இந்தப் பாடு படுத்துதே, பூசணத்த விடுமா? இனி எனக்கு வருசம் முழுக்க இங்க உள்ள பருப்புதான்.”

“பாத்தியா, நான் பட்ட போட்டதுனாலதான்...” என்று ஆரம்பித்தார் என் வீட்டுக்காரர்.

“வாய மூடிட்டு அண்ணாச்சிக்கு ஒரு சாயா போடுங்க.”

தோல் உரித்துக்கொண்டிருந்தவர்களில் ஒருத்தி எழுந்து வந்தாள். “அப்ப மழைக்குப் பூட்ட மாட்டீங்களா, அக்கா?”

“பூட்டமாட்டேன் மக்கா.” சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் கையைக்கூடத் துடைக்காமல் என்னைக் கட்டிப்பிடித்தாள். என் நல்ல சேலை முழுக்கப் பருப்புத் தோல்.