ஜமீலா ஒர்க்ஸ் ரசீது

துபாயில் வெல்டராக இருந்துவிட்டு, தொண்ணூற்று நாலில் மேலப்பாளையம் திரும்பிய என் வாப்பாவுக்குக் கை சும்மா இருக்காது. எவர்சில்வர் சட்டியின் கைப்பிடி போனால்கூட ஆசையாகத் தானே பற்றவைப்பார். அதற்கு ஆர்கான் கேஸ் வேண்டும். சிலிண்டர் வாடகைக்கு எடுக்க வண்ணார்பேட்டைக்குப் போனபோது நானும் உடன் இருந்தேன்.

"பட்டறைக்குத்தான் தருவோம் பாய். உம்ம பட்டறைப் பேரு என்னவே?" என்றார் கடைக்காரர்.

பட்டறை ஏது? வாப்பா யோசிக்கவே இல்லை. "ஜமீலா ஒர்க்ஸ்" என்றார்.

ஜமீலா என் உம்மா. வீட்டில் அவளை "ஏளா" என்றுதான் கூப்பிடுவார். பெயர் சொல்லி அழைத்து நான் ஒருநாளும் கேட்டதில்லை.

வாப்பா மவுத்தாகி, அடக்கமெல்லாம் முடிந்த பிறகு சிலிண்டரைத் திருப்பிக் கொடுக்கக் கிளம்பினேன். கடைக்காரர் அன்று அந்தப் பெயரில் எழுதிக் கொடுத்த ரசீதை உம்மாவிடம் கேட்டேன். தரவில்லை.

"சிலிண்டரைக் கொண்டு போ. இது இங்கன இருக்கட்டும். அவ்வொ எம்பேரைச் சொன்னதுக்கு வேற என்ன இருக்கு?"