நிப்பாட்டியாச்சு

கம்பெனி கேட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரம் நடந்த பிறகுதான் காலில் வெறும் சிலிப்பர் இருப்பது உறைத்தது. இரும்பு வைத்த பூட்ஸை ஸ்டோரில் திருப்பிக் கொடுத்திருந்தேன். மதிய ஷிப்டுக்கு ஆள் ஏற்றி வந்த கம்பெனி பஸ் எதிரே போனது. டிரைவர் வழக்கம்போல ஹாரன் அடித்தார். நானும் கையைத் தூக்கினேன். புக்கிட் காத்திலில் நான் தங்கியிருக்கும் அக்கா வீட்டுக்கு இனி அந்த பஸ்ஸில் போக முடியாது.

பெரிய டயர் கம்பெனியைக் குறை மட்டும் சொன்னால் நியாயமில்லை. நியாலாஸ் பக்கம் ரப்பர் பால்மரம் சீவிய காலத்தில், விடியும்போது மழை பிடித்தால் அன்றைக்குக் கூலி இல்லை. கம்பெனியில் மழைக்கும் சம்பளம் உண்டு. காய்ச்சல் வந்தால் கிளினிக்கில் கார்டைக் காட்டினால் போதும். பதினைந்து வயதில் மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்டு, செம்பனைத் தோட்டம், சிங்கப்பூர் கட்டட வேலை என்று அலைந்தவனுக்கு, மாதம் தவறாமல் கையில் சம்பளம் வந்தது அங்கேதான்.

வேகாத டயரை அங்கே கிரீன் டயர் என்பார்கள். அதைத் தூக்கி அச்சில் வைப்பதும் வெந்ததை எடுப்பதும் என் வேலை. என்னோடு சேர்ந்த நேப்பாளக்காரர் முதல் நாள் பச்சை நிறத்தைத் தேடினார். பச்சை என்றால் வேகாதது என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. சூடு பழகிவிட்டது. ரப்பரில் கலக்கும் கரி பழகவில்லை. எவ்வளவு சோப்பு போட்டாலும் கழுத்து மடிப்பில் தங்கிவிடும். ஜன்னல் இல்லாத கட்டடம். ஷிப்ட் மாறி மாறி, எப்போது தூங்குவது என்று உடம்புக்கே தெரியாமல் போனது.

வேலையை விடுவதில் எனக்கிருந்த ஒரே பயம் மாமா. அக்காவின் கணவர். அதே கம்பெனியில் வேறு கட்டடத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். அவர் சொல்லிச் சேர்ந்த இரண்டு பேர் ஏற்கனவே சொல்லாமல் ஓடிப்போய், சூப்பர்வைசர் முன்னால் அவரைத் தலைகுனிய வைத்திருந்தார்கள். "இவன் நம்ம வீட்டுப் பையன், நிப்பான்" என்று சொல்லித்தான் என்னைச் சேர்த்துவிட்டார். அதனால் நோட்டீஸ் கொடுத்ததையே நான் வீட்டில் சொல்லவில்லை.

முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியமில்லாமல், நடந்துகொண்டே அக்காவுக்குப் போனில் எழுதினேன்: "கம்பெனி வேலை நிப்பாட்டியாச்சு." நாமாக வேலையை விட்டாலும் நிப்பாட்டுவதுதான், அவர்கள் நம்மைத் தூக்கினாலும் நிப்பாட்டுவதுதான். யார் நிப்பாட்டியது என்று நான் எழுதவில்லை.

வீட்டு வாசலில் மாமா சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். அன்று அவருக்கு ஓய்வு நாள்.

"எங்க மாமா கெளம்பிட்டீங்க?"

"ஒன் சூப்பர்வைசர பாக்க. என்னாடா செஞ்ச? மிஷின ஒடச்சியா, யாரயாச்சும் அடிச்சியா?"

"நான் ஒண்ணும் செய்யல மாமா."

"அப்ப ஏன் ஒன்ன நிப்பாட்டுனாங்க?"

"அவங்க நிப்பாட்டல. நாந்தான் நிப்பாட்டுனேன். போன மாசமே நோட்டீஸ் குடுத்துட்டேன். இன்னிக்குக் கடைசி நாள்."

அவர் என் காலைப் பார்த்தார். "சூப்பர்வைசர் என்னா சொன்னாரு?"

"திரும்பி வரணும்னா வான்னாரு. ஒங்களுக்கு சலாம் சொல்லச் சொன்னாரு."

மாமா நாற்காலியில் உட்கார்ந்து, போட்ட பொத்தான்களைக் கழற்றினார். "இத மொதல்லயே எழுதித் தொலைக்கறதுக்கு என்னா லா? பாதி உசுரு போச்சு."

"அவன் படிச்ச படிப்புக்கு அவ்ளோ எழுதுனதே பெருசு," என்றாள் அக்கா உள்ளேயிருந்து. "விடுங்க. இனிமே தலகாணி உறையாச்சும் வெள்ளையா இருக்கும்."

மாமாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன்.

"டவுன்ல மளிகைக் கடை பாய் லாரிக்குக் கெலிண்டான் தேடுறாரு," என்றார் மாமா. "லாரி கூடவே போயி மூட்ட ஏத்தணும், எறக்கணும். கிளினிக் கார்டெல்லாம் கெடையாது. போறியா?"

"போறேன் மாமா."

"நீயே போய்க் கேட்டுக்க. இந்தத் தடவ நான் யாருக்கும் வாக்குக் குடுக்க மாட்டேன்."

மறுநாள் காலை நானே போய்க் கேட்டேன். பாய் என் தோளைப் பார்த்துவிட்டு லாரியில் ஏறச் சொன்னார். சரக்கு இறக்க வேண்டிய முதல் கடை தங்கா பத்துவில். அவர் லாரியைப் பின்னுக்கு எடுக்க, நான் குதித்து இறங்கிப் பின்னால் போய் நின்று, "வாங்க பாய், வாங்க, வாங்க" என்று கத்தினேன்.